மஜ்ஜை மாற்று டாக்டர் எங்கே, எப்படித் தயாராகிறார்?

எலும்பு மஜ்ஜை மாற்று என்றதும் பலர் மனதில் வருவது ஆபரேஷன் தியேட்டர்தான். சொந்தத்தில் ஒருவருக்காக ஆறு வாரம் ஒரு பிஎம்டி (மஜ்ஜை மாற்று) வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன், அப்போது வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது "தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்றுதான். நோயாளிக்கு அங்கே கத்தியும் கிடையாது, தையலும் கிடையாது. ரத்தம் ஏற்றுவது போல ஒரு பையைத் தொங்கவிட்டு, நெஞ்சில் போட்டிருக்கும் மெல்லிய குழாய் வழியாக ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்களை, உள்ளே விடுவார்கள். ஒரு மணி நேரமோ, சில மணி நேரமோ, பை காலி. உறைய வைத்திருந்த செல்கள் என்றால் அவை கெடாமல் இருக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ என்ற ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும், அன்றைய பரபரப்பு அவ்வளவுதான்.

சரி, பை மாட்டுவதற்கு எதற்குப் பள்ளி முடித்த பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் படித்த ஒருவர்? அந்தப் பை காலியான பிறகு வரும் நூறு நாளுக்காகத்தான். இந்தத் துறையில் ஒரு டாக்டர் படிக்கிற படிப்பு பெரும்பாலும் அந்த நூறு நாளைப் பற்றியது. அதைப் புத்தகத்தில் கொஞ்சம் படிக்கலாம், மிச்சத்தை நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

முதலில் ஏணிப்படியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எம்பிபிஎஸ், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அப்புறம் எம்டி பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ 3 ஆண்டு. அதன் பிறகு நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, டிஎம் என்ற உயர் சிறப்புப் படிப்பு, கிளினிக்கல் ஹெமட்டாலஜியோ (ரத்த நோய்கள்) மெடிக்கல் ஆன்காலஜியோ (புற்றுநோய்), இன்னொரு 3 ஆண்டு. (மெடிக்கல் ஆன்காலஜியில் டிஎம் படிப்பை நாட்டிலேயே முதலில், 1984இல், தொடங்கியது நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்தான்.) இங்கேதான் ஒரு சிக்கல். டிஎம் சான்றிதழ் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒருவர் படித்த இடத்தில் வாரத்துக்கு மூன்று மஜ்ஜை மாற்று நடந்திருக்கலாம், இன்னொருவர் படித்த இடத்தில் பிஎம்டி வார்டே இல்லாமல் இருந்திருக்கலாம். அதனால்தான் இந்த வேலையைத் தொழிலாகவே எடுக்க நினைப்பவர்கள் டிஎம் முடித்த கையோடு மறுபடியும் ஒரு வருஷமாவது ஃபெலோஷிப் என்று ஒரு பெரிய யூனிட்டில் போய் உட்கார்கிறார்கள். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: ஹெமட்டாலஜி, ஆன்காலஜி இரண்டையும் சேர்த்து முடித்த பிறகு கூடுதலாக ஒரு வருஷம். அங்கேயும் பெரியவர்களுக்கான மஜ்ஜை மாற்றுக்கென்று தனியாக ஒரு போர்டு தேர்வு கிடையாது. அங்கே ஃபேக்ட், ஐரோப்பாவில் ஜேசி என்று தரச்சான்று அமைப்புகள் இருக்கின்றன. அவை சான்று தருவது யூனிட்டுக்கு, அதாவது டாக்டர், நர்ஸ், லேப், ரத்த வங்கி எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரு டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் செல் எண்ணும் லேப் சொதப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சங்கீதத்தில் யாரிடம் பாடம் என்று கேட்பது போல இந்தத் துறையில் எந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்குக் காரணம் இந்தத் துறை பிறந்த விதம். 1957இல் அமெரிக்காவில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதைப் பற்றி எழுதினார். ஒருவர்கூட நூறு நாள் தாண்டவில்லை. மனிதர்களை விட்டுவிட்டு நாய்களிடம் ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போய், பல ஆண்டு அங்கேயே கிடந்து, பொருத்தம் பார்ப்பது எப்படி, நோயெதிர்ப்பை அடக்குவது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தார் மனுஷன். 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் இருந்த சியாட்டில் நகரத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் இளம் டாக்டர்கள் போய், வார்டில் நின்று, பார்த்து, ஊர் திரும்பினார்கள். அப்படிப் போய் வந்தவர்களில் ஒருவர்தான் மும்பையின் சுரேஷ் அத்வானி. சிறு வயதில் போலியோ தாக்கி சக்கர நாற்காலியில் இயங்கியவர். 1983 மார்ச் 20 அன்று டாட்டா மெமோரியல் மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய் வந்த 9 வயதுப் பெண் குழந்தைக்கு அவள் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தினார். இந்தியாவில் அதுதான் முதல். மூன்று ஆண்டு கழித்து, 1986இல், வேலூர் சிஎம்சியில் மம்மென் சாண்டி தொடங்கினார். இன்று நாட்டில் மஜ்ஜை மாற்று செய்கிற டாக்டர்களிடம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், பெரும்பாலும் வேலூரிலோ மும்பையிலோ போய் நிற்கும்.

இனி வார்டுக்குள் போவோம். அங்கே தேதி கிடையாது, நாள் எண்தான். செல் ஏற்றும் நாள் பூஜ்யம். அதற்கு முந்தைய வாரம் மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று இறங்கு வரிசையில் ஓடும், அந்த நாட்களில்தான் கடுமையான கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்வார்கள். பூஜ்யத்துக்குப் பிறகு ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு 500ஐத் தொட்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால்தான் புது மஜ்ஜை வேர் பிடித்தது என்று கணக்கு, அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். வெளியே இருக்கும் குடும்பத்துக்கு அந்த நாட்களில் ஒரே கேள்வி: "கவுண்ட் ஏறிடுச்சா?"

டாக்டருக்கு அப்படி ஒற்றைக் கேள்வியோடு இருக்க முடியாது. உதாரணத்துக்கு எடை. காலையும் மாலையும் நோயாளியை எடை பார்ப்பார்கள், ஏதோ சம்பிரதாயம் மாதிரி தெரியும். சாப்பாடே இறங்காத ஒருவருக்கு நான்கு நாளில் மூன்று கிலோ ஏறினால், கூடவே வலது விலாவுக்குக் கீழே வலி என்றால், கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட ஆரம்பித்திருக்கலாம். விஓடி என்று பெயர், முற்றினால் ஆளைக் கொண்டுபோய்விடும். மஞ்சள் காமாலை கண்ணில் தெரிகிற வரை காத்திருந்தால் நல்ல நேரம் கடந்திருக்கும். பயிற்சியில் இருக்கும் டாக்டர் காலை ரவுண்ட்ஸில் முதலில் பார்க்கப் பழகுவது அந்த எடைச் சீட்டைத்தான்.

அடுத்தது ஜிவிஹெச்டி. வேறொருவரின் நோயெதிர்ப்புச் செல்கள் நம் உடம்புக்குள் குடிவந்து, இதென்ன அந்நிய வீடு என்று அடிக்க ஆரம்பிப்பது. தோல், குடல், கல்லீரல் மூன்றும்தான் முதல் குறி. குடலில் இதன் தீவிரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பேதியை அளந்து. நாளுக்கு 500 மில்லி தாண்டினால் முதல் நிலை, ஒரு லிட்டருக்கு மேல் இரண்டு, ஒன்றரை லிட்டருக்கு மேல் மூன்று. அதனால் இந்த வார்டில் பெட்பேன் போகிற பாதை முக்கியம், அளவுக் குவளையோடு நிற்கும் அட்டெண்டர் எழுதி வைக்கும் எண்ணில், நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவு நிற்கிறது. யாராவது அளக்காமல் கொட்டிவிட்டால் போச்சு. எவ்வளவு பெரிய படிப்பு படித்தவருக்கும் இதில் கூச்சம் இருக்கக் கூடாது.

தோல் விஷயத்தில் இன்னொன்று. பாடப்புத்தகங்களில் இருக்கிற படம் எல்லாம் வெள்ளைத் தோல், அதில் தடிப்பு சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். நம் ஊர் மாநிறத்திலும் கருப்பிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம் என்று பார்க்க வேண்டும், அங்கே சூடாக இருக்கிறதா, எரிகிறதா, நிறம் நேற்றைக்கு விடக் கூடியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கூட இருக்கும் அம்மாதான் பல நேரம் முதலில் கண்டுபிடிப்பார், தினமும் எண்ணெய் தடவிவிடுகிற கை அல்லவா.

பார்க்கக் கற்பது ஒரு பக்கம் என்றால், கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்பது இன்னொரு பக்கம். முன்பெல்லாம் கூடப்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தினால்தான் வழி, ஒவ்வொரு அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் அப்படிப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. சின்னக் குடும்பம் என்றால் பெரும்பாலும் கை விரிக்க வேண்டியதுதான். இப்போது அப்பாவோ அம்மாவோ பிள்ளையோ, பாதி பொருந்தினாலே போதும் என்று வந்திருக்கிறது, ஹேப்லோ என்பார்கள். செல் ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய கீமோ மருந்தைக் கொடுப்பது இதில் தந்திரம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கண்டுபிடித்துப் பரவியது. புது வீட்டைப் பார்த்துக் கொதித்துப் பெருகத் தொடங்கிய சண்டைக்கார டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள்) அது அந்த நேரத்தில் பிடித்து அழிக்கிறது, ஸ்டெம் செல்கள் தப்பித்துவிடுகின்றன. ஆனால் அந்த முதல் மூன்று நாளில் காய்ச்சல் கொளுத்தும், 103, 104 என்று போகும். எந்த வார்டிலும் ஒரு ஜூனியர் டாக்டரின் கை ஸ்டீராய்டை நோக்கி நகரும், கொடுத்தால் காய்ச்சலும் இறங்கும். இறங்குவதோடு அந்தச் சண்டைக்கார செல்களின் கொதிப்பும் அடங்கிவிடும், அடங்கி இருப்பவற்றை மூன்றாம் நாள் மருந்தால் சரியாகப் பிடிக்க முடியாது. ஆகவே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டு, ஸ்டீராய்டைத் தொடாமல், பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் முறை இதைத் தனியாகச் செய்பவருக்குத் தூக்கம் வராது. பத்துப் பேரை ஒரு சீனியரோடு சேர்ந்து கடந்தவருக்குக் கொஞ்சம் வரும்.

ரத்த வங்கியிலும் லேபிலும் சில மாதம் போட்டுவிடுவார்கள், அதையும் பயிற்சியில் இருப்பவர்கள் முதலில் தண்டனை மாதிரித்தான் நினைப்பார்கள் என்று தோன்றுகிறது. ஓ குரூப் நோயாளிக்கு ஏ குரூப் டோனர் என்றால், சில மாதத்தில் நோயாளியின் ரத்த குரூப்பே ஏ ஆகிவிடும். இடைக்காலத்தில் சிவப்பணு எந்த குரூப், பிளேட்லெட் எந்த குரூப் என்று தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஏற்றுகிற ரத்தமெல்லாம் கதிர்வீச்சு பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ரத்தத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் வெள்ளையணுக்களே உயிரை எடுத்துவிடலாம். சொந்த ஊர் நர்ஸிங் ஹோமில் இது தெரியாமல் ஒரு பாட்டில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் கற்று வந்தது அப்படியே இங்கே செல்லாது என்பதற்கு வேலூரின் தலசீமியா (பரம்பரையாக வரும், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய ரத்த நோய்) அனுபவத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. தலசீமியா குழந்தைகளில் யாருக்கு மஜ்ஜை மாற்று எவ்வளவு ஆபத்து என்பதை மூன்று வகுப்பாகப் பிரித்தது இத்தாலியின் பெசாரோ நகரத்து யூனிட், குய்டோ லுகரெல்லியின் குழு. கல்லீரல் வீங்கியிருக்கிறதா, அதில் தழும்பு இருக்கிறதா, ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகப் போனதா என்ற மூன்று கேள்வியும் சாதகமில்லை என்றால் மூன்றாம் வகுப்பு. இத்தாலிக்கு அது சரி. இங்கே வந்த குழந்தைகளில் பெரும் பகுதி மூன்றாம் வகுப்பாகவே இருந்தது, ஏனென்றால் ரத்தம் சரியாகக் கிடைக்காமல், மருந்து வாங்க முடியாமல் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால் யாருக்குச் செய்வது, யாருக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சிஎம்சி குழு தங்கள் நோயாளிகளின் பல ஆண்டுக் கணக்கைப் புரட்டி, 2007இல் ஒரு கோட்டைப் போட்டது: வயது 7 அல்லது அதற்கு மேல், கல்லீரல் விலாவுக்குக் கீழே 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம். ஒரு பிறந்த தேதியும், குழந்தையின் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்க்கும் நாலு விரலும் போதும். பிறகு அந்தக் குழந்தைகளுக்குப் பழைய புசல்ஃபான் மருந்துக்குப் பதிலாகக் கல்லீரலைக் குறைவாகத் தாக்கும் ட்ரியோசல்ஃபானை வைத்துச் செய்யத் தொடங்கி, முடிவுகளை மேலே கொண்டுவந்தார்கள். அங்கே பயிற்சிக்கு வரும் டாக்டர் இதைத் தன் விரலால் கற்றுக்கொண்டு போகிறார்.

கிருமிகளும் அப்படித்தான். மேல்நாட்டு யூனிட்டில் காய்ச்சல் வந்தால் எழுதுகிற முதல் ஆன்டிபயாட்டிக் இங்கே பல வார்டுகளில் வேலைக்கு ஆகாது, கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கே மசியாத க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா நம் மருத்துவமனைகளில் சகஜம். அதோடு காசநோய், பூஞ்சை. எந்தக் கிருமி எந்த வார்டில் சுற்றுகிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

இந்த அளவுக்கே தலை சுற்றுகிறது என்றால், மேலே இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்பை வைத்தே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை, வந்து உட்கார்ந்தது. நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, வளர்த்து, திரும்ப ஏற்றுவது கார்-டி. 2012இல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு இதைச் செய்தபோது சில நாளில் காய்ச்சல் பற்றி எரிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, வென்டிலேட்டரில் போய்விட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஐஎல்-6 என்ற பொருள் தாறுமாறாக ஏறியிருந்தது. ஆராய்ச்சியை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாத நோய் இருந்ததால், ஐஎல்-6ஐ அடக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் நிலைமை திரும்பியது. இன்று கார்-டி செய்கிற எந்த யூனிட்டும் அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் செல்லை ஏற்றுவதில்லை. ஒரு அப்பாவுக்குத் தற்செயலாகத் தெரிந்திருந்தது இப்போது உலகம் முழுக்கப் பாடத்திட்டம்.

மஜ்ஜை மாற்றில் பத்து வருஷம் பழகிய டாக்டருக்கும் இதில் புதிதாகக் கற்க இருக்கிறது. இங்கே காய்ச்சல் என்றால் கிருமியா, செல்லின் கொந்தளிப்பா, இரண்டுமா என்று சேர்த்தே யோசிக்க வேண்டும். அதைவிட வித்தியாசமானது மூளை சம்பந்தப்பட்டது, ஐகான்ஸ் என்பார்கள். அதைப் பிடிப்பதற்கு ஸ்கேன் வருவதற்கு முன்பே ஒரு பத்து மார்க் தேர்வு இருக்கிறது: இது எந்த வருஷம், எந்த மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, காட்டுகிற மூன்று பொருளின் பெயர், சொன்னதைச் செய்வது, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது, கடைசியாக ஒரு வாக்கியம் எழுதுவது. தினமும், ஒரே நோட்டில். நேற்று வரை "எங்கள் வீட்டில் மாமரம் உண்டு" என்று வரிசையாக எழுதியவரின் கையெழுத்து இன்று கோணலாகி, "மாமரம்" மாம என்று நின்றுவிட்டால் அதுவே அபாய மணி, பேச்சு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் சரி. இதில் டாக்டருக்கு நோயாளியின் மொழி தெரிய வேண்டும், குறைந்தபட்சம் பக்கத்தில் இருக்கும் நர்ஸுக்காவது. ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று மார்க் குறைப்பது எவ்வளவு அபத்தம்.

இந்தியாவில் இது இனி அபூர்வம் இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஐஐடி பாம்பேயும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ஆகிற சிகிச்சை இங்கே சுமார் 30 முதல் 40 லட்சம் என்று பேசப்பட்டது. 2025 தொடக்கத்தில் பெங்களூருவிலிருந்து இன்னொன்றும் வந்தது. 40 லட்சமும் யாருக்கும் சில்லறை அல்ல, ஆனாலும் செல்லைத் தயாரிக்கும் செலவைக் குறைக்க வழி கண்டாயிற்று. அந்த நோட்டைப் பார்த்து "மாம" என்று நின்றதைக் கவனிக்கிற ஆளைத் தயாரிக்கும் காலத்தைக் குறைக்க யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் நடத்தி, ஹோட்டலில் சாப்பாடு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற கூத்தெல்லாம் நடக்கிறது, அதில் வகைப்பாடுகளைத் தெரிந்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு யூனிட்டில் எத்தனை டாக்டர்களுக்குக் கற்றுத் தர முடியும் என்பது, அங்கே ஆண்டுக்கு எத்தனை நோயாளிகள் என்பதில்தான் நிற்கிறது. படிப்புக்கான சீட்டை மட்டும் கூட்டி, நோயாளிகளுக்கான கட்டிலைக் கூட்டாவிட்டால் ஒரே கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள்.

புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரிகள் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் அறைகளை ஆறு மாதத்தில் கட்டிவிடுகின்றன. அப்புறம் பெரிய யூனிட்டிலிருந்து பயிற்சி முடித்த ஒருவரை நல்ல சம்பளம் கொடுத்து அழைத்து வருவார்கள். அவர் ஒருவர்தான் யூனிட். இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல், அவருக்கே போன். அவர் மச்சான் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தாலும் அவருக்கே போன். இரண்டு மூன்று வருஷத்தில் சலித்துப் போய் வெறும் ஓபி பார்க்கிற வேலைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யாராவது உங்களிடம் இந்தச் சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரி போகலாம் என்று கேட்டால், அறை எப்படி இருக்கிறது, டாக்டர் எந்த நாட்டில் படித்தார் என்பதைப் பிறகு பார்க்கலாம். போன வருஷம் இதே மாதிரி எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அதற்கடுத்து, இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கப்போகிறவர் யார், அவர் இதற்கு முன் எத்தனை இரவு அங்கே நின்றிருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு சொந்த ஊரில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, அந்த எண்ணை எடுப்பவருக்கு ஸ்டீராய்டு எப்போது கொடுக்கக் கூடாது என்று தெரியுமா என்பதையும்.